கதவு திறந்தது, கட்டணம் வந்தது: நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் 129 வருடங்கள்

இலவசக் கல்வி பற்றிக் கதை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அமெரிக்காவை இழுத்துக்கொண்டு வருவார். "அங்க எல்லாரும் காசு கட்டித்தான் படிக்கினம். அதாலதான் அவையின்ர யுனிவர்சிற்றியள் உலகத்தில முன்னுக்கு நிக்குது" என்பது வாதம். இலவசக் கல்வியிலேயே படித்து, அதிலேயே கலைப்பீடம் வரை வந்து சேர்ந்த எங்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கதை. ஆனால் இந்த வாதத்துக்குள் ஒரு வரலாற்றுப் பிழை ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் உயர்கல்வி எப்போதுமே காசுக்கு விற்கப்பட்ட பொருள் என்று அது எங்களை நம்ப வைக்கிறது.

அந்த நாட்டின் மிகப் பெரிய நகரத்தில், தகுதி பெற்று உள்ளே வந்த மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்ற கொள்கை 129 வருடங்கள் நின்றது. 1847இல் தொடங்கியது, 1976இல் முடிந்தது. இடையில் ஒரு உள்நாட்டுப் போர், இரண்டு உலகப் போர்கள், 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி எல்லாம் வந்து போயின. அவை ஒன்றும் அந்தக் கொள்கையை அசைக்கவில்லை. அப்படியானால் 1976இல் மட்டும் என்ன நடந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

வாக்குப் போட்டு வாங்கிய கல்லூரி

1847இல் நியூயோர்க்கின் கல்விச் சபைத் தலைவராக இருந்தவர் டவுன்சென்ட் ஹாரிஸ். பிறகு ஜப்பானுக்கான முதல் அமெரிக்கத் தூதராகப் போனவரும் இவர்தான். பொதுப் பாடசாலைகளில் படித்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு நகரம் தன் செலவில் ஒரு உயர்கல்வி நிறுவனம் கட்ட வேண்டும் என்பது அவருடைய முன்மொழிவு. ஏழைகளின் பிள்ளைகள் படிக்க நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மாநிலச் சட்டசபை அனுமதி கொடுத்த பின் விஷயம் நகரத்து வாக்காளர்களிடம் போனது. அவர்கள் பெரும்பான்மையாக ஆதரித்து வாக்களித்தார்கள். 1849இல் 'இலவச அக்கடமி' திறக்கப்பட்டது. ஒரு கல்லூரி வேண்டும் என்று ஒரு நகரமே வாக்குப் போட்டு முடிவெடுத்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

1866இல் அது நியூயோர்க் நகரக் கல்லூரி ஆனது. நாங்கள் இங்கே சுருக்கமாக சிட்டி கொலிஜ் என்போம். பெண்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்காக 1870இல் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. இன்று அதன் பெயர் ஹன்டர் கல்லூரி. 1930இல் புரூக்ளின் கல்லூரி, 1937இல் குயீன்ஸ் கல்லூரி. அந்த இரண்டு வருடங்களையும் ஒருக்கால் கவனியுங்கள். நகரம் பொருளாதார வீழ்ச்சியில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது புதிய இலவசக் கல்லூரிகளைக் கட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்தக் கல்லூரிகளை நிரப்பியவர்களில் பெரும் பங்கினர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1920களில் ஹாவார்ட் போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவரின் எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தன. அங்கே கதவு சாத்தப்பட்டவர்களுக்கு இங்கே கதவு திறந்திருந்தது. போலியோ தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் 1934இல் சிட்டி கொலிஜில் பட்டம் பெற்றவர். ஏழைகளின் ஹாவார்ட் என்று ஊர் அதைச் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இலவசம் என்பது எல்லோருக்கும் என்று அர்த்தமில்லை. உள்ளே போக நல்ல புள்ளி வேண்டும். விண்ணப்பங்கள் கூடக் கூட வெட்டுப்புள்ளியும் ஏறிக்கொண்டே போனது. 1961இல் எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்து நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் உருவானபோது நகரத்தின் முகம் மாறியிருந்தது. அமெரிக்கத் தெற்கிலிருந்து கறுப்பினக் குடும்பங்களும், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களும் பெருந்தொகையாக வந்து குடியேறியிருந்தன. அவர்களின் பிள்ளைகள் படித்த பாடசாலைகளோ நெரிசலும் வளக்குறைவும் நிறைந்தவை. சிட்டி கொலிஜ் நிற்பது ஹார்லெம் பகுதியின் மேட்டில். கீழே கறுப்பின மக்களின் நகரம். மேலே கல்லூரிக்குள் பார்த்தால் அந்தத் தெருக்களின் பிள்ளைகள் மிகச் சிலர். கட்டணம் இல்லை, ஆனாலும் அவர்களுக்கு அது இலவசமில்லை.

ஐந்து கோரிக்கைகள்

இதைச் சரிசெய்ய 1960களின் நடுப்பகுதியில் 'சீக்' என்ற திட்டம் வந்தது. வறிய பகுதி மாணவரைத் தெரிந்தெடுத்து, மேலதிக வகுப்பும் உதவிப்பணமும் கொடுத்து உள்ளே கொண்டுவருவது அதன் வேலை. அப்போது மாநிலச் சட்டசபையில் இருந்தவரும் புரூக்ளின் கல்லூரியின் பழைய மாணவியுமான சேர்லி சிஷோம் அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண் என்று அவரைப் பலருக்குத் தெரியும். சீக் வகுப்புகளில் படிப்பித்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் இலக்கியம் படிக்கிற எங்களுக்குக் கண் விரியும்: ஓட்ரி லோர்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா, ஏட்ரியன் ரிச்.

1969 தொடக்கத்தில் மாநில அரசு பல்கலைக்கழகத்துக்கான பணத்தை வெட்டப் போகிறது என்ற செய்தி வந்தது. சீக் திட்டத்தின் கழுத்தில் கத்தி. ஏப்ரல் 22 அன்று கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் சிட்டி கொலிஜின் தெற்கு வளாகத்துக்குள் போய்ப் படலைகளைப் பூட்டினார்கள். வளாகத்துக்கு ஹார்லெம் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கிழமை அது அவர்களின் கையில் இருந்தது.

அவர்கள் வைத்த கோரிக்கைகள் ஐந்து. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கக் கற்கைகளுக்குத் தனிப் பள்ளி வேண்டும். புதிதாக வரும் அந்த மாணவர்களுக்குத் தனி அறிமுக நிகழ்ச்சி வேண்டும். சீக் திட்டத்தை நடத்துவதில், ஆட்களை எடுப்பதிலும் நீக்குவதிலும் கூட, மாணவருக்குக் குரல் வேண்டும். நகரத்து உயர்பாடசாலைகளில் இருக்கிற இன விகிதம் புதிய மாணவர் தொகையிலும் தெரிய வேண்டும். ஆசிரியராகப் போகிறவர்கள் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க வரலாறும் ஸ்பானிய மொழியும் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஐந்தாவதை நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தோம். கல்லூரிக்குள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தங்கட தம்பி தங்கச்சிகளுக்கு நாளைக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

பெரிய சண்டை மூண்டது நாலாவது கோரிக்கையில்தான். பேச்சுவார்த்தையில் ஒரு சமரசம் வந்தது: பாதி இடங்கள் புள்ளி அடிப்படையில், பாதி இடங்கள் வறிய பகுதிப் பாடசாலைகளுக்கு. அது மேயர் தேர்தல் வருடம். வேட்பாளர்கள் இந்தச் சமரசத்துக்கு எதிராகப் பாய்ந்தார்கள். பழைய மாணவரும் விரிவுரையாளர்களில் பலரும் தரம் போய்விடும் என்றார்கள். கல்லூரித் தலைவர் புவெல் கலகர் பதவி விலகினார். சமரசம் நிராகரிக்கப்பட்டது.

இந்த இடத்தில் எங்கட வாசகர்களுக்கு ஒரு நெருடல் வரும். கிட்டத்தட்ட இதே வருடங்களில்தான் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. தமிழ்மொழி மூல மாணவருக்கு வேறு வெட்டுப்புள்ளி, சிங்களமொழி மூல மாணவருக்கு வேறு வெட்டுப்புள்ளி. அந்தக் காயத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு 'விகிதாசாரம்' என்ற சொல்லே கசக்கும். ஆனால் நியூயோர்க் கடைசியில் எடுத்த முடிவு வேறு. இருக்கிற கதிரைகளை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்ற சண்டையை விட்டுவிட்டு, கதிரைகளைக் கூட்டினார்கள்.

1969 ஜூலையில் உயர்கல்விச் சபை அறிவித்தது: அடுத்த வருடத்திலிருந்து நகரத்தில் உயர்பாடசாலை முடித்த ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு இடம் உறுதி. 1975இல் செய்வதாக முன்பு திட்டமிட்டிருந்ததை ஐந்து வருடம் முன்னுக்கு இழுத்தார்கள். சராசரி 80 புள்ளி எடுத்தவர்களும், தங்கள் பாடசாலையில் முதல் பாதிக்குள் வந்தவர்களும் நாலு வருடக் கல்லூரிகளுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு இரண்டு வருடச் சமூகக் கல்லூரிகள். பாடசாலைக்குள் எத்தனையாவது என்று பார்த்ததால், மோசமான பாடசாலையில் படித்த பிள்ளைக்கும் நாலு வருடக் கல்லூரிக்கு வழி கிடைத்தது.

நிரம்பிய வகுப்பறைகள்

1969இல் ஏறத்தாழ 20,000 ஆக இருந்த புதுமுக மாணவர் தொகை 1970இல் ஏறத்தாழ 35,000 ஆனது. வாடகைக் கட்டடங்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் வகுப்பு நடந்தது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: திறந்த அனுமதியால் உள்ளே வந்தவர்களில் பெரிய தொகையினர் வெள்ளையர்கள். இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள். படலையைப் பூட்டியவர்கள் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள். அதன் பலன் நகரம் முழுதுக்கும் போனது.

பிரச்சினைகளும் இருந்தன. பலருக்கு ஒரு பந்தியை ஒழுங்காக எழுத வராது. மீனா ஷோனசி என்ற ஆசிரியை அந்த மாணவரின் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை எடுத்துப் படித்தார். அவர்களின் பிழைகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டால் படிப்பிக்க முடியும் என்று 1977இல் ஒரு புத்தகமே எழுதினார். எழுத்துக் கற்பித்தல் என்ற துறைக்கு அது இன்றும் ஒரு அடித்தளம். அதேவேளை நாலு வருடத்தில் பட்டம் முடிக்காமல் இடையில் போனவர்கள் நிறையப் பேர். திட்டம் தோற்றுவிட்டது என்று எதிர்த்தவர்கள் இதைக் காட்டித்தான் சொன்னார்கள்.

ஆனால் நாலு வருடம் என்ற அளவுகோல் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்குப் பொருந்துமா? போல் அட்டவெல், டேவிட் லாவின் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1970களின் தொடக்கத்தில் சேர்ந்த பெண்களை ஏறத்தாழ முப்பது வருடங்களுக்குப் பிறகு தேடிப் போனார்கள். பெரும்பாலானோர் எப்படியோ ஒரு பட்டத்தை முடித்திருந்தார்கள். சிலருக்கு அதற்குப் பல வருடம் எடுத்திருந்தது. அவர்களின் வருமானம் கூடியிருந்தது. அதைவிட முக்கியம், அவர்களின் பிள்ளைகளும் படிப்பில் முன்னுக்கு வந்திருந்தார்கள். 2007இல் வந்த இந்த ஆய்வு சொல்லும் பதில், 1976இல் முடிவெடுத்தவர்களின் கையில் இருக்கவில்லை. பொறுத்துப் பார்க்க அவர்கள் தயாராகவும் இருக்கவில்லை.

யார் முடிவெடுத்தது?

1975இல் நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்புக்கு வந்தது. தொழிற்சாலைகள் வெளியேறின, வசதியான குடும்பங்கள் புறநகருக்குப் போயின, வரி வருமானம் விழுந்தது. குறுகியகாலக் கடன் வாங்கிக் கடன் அடைத்து ஓடிய நகரத்துக்கு வங்கிகள் இனிக் கடன் இல்லை என்று கையை விரித்தன. அப்போதைய மேயர் ஏப்ரஹாம் பீம், சிட்டி கொலிஜில் இலவசமாகப் படித்தவர்.

1975 செப்டெம்பரில் நிதிக் கட்டுப்பாட்டுக்கென ஒரு அவசரச் சபையை மாநிலம் உருவாக்கியது. நகரத்தின் வரவுசெலவு அதன் கைக்குப் போனது. ஆளுநர், மேயர், மாநிலத்தினதும் நகரத்தினதும் கணக்காளர்கள், இவர்களோடு தனியார் துறையிலிருந்து மூன்று பேர். ஒருவர் தொலைபேசிக் கம்பனித் தலைவர், இன்னொருவர் விமானக் கம்பனித் தலைவர், மற்றவர் ஒரு தொழில்துறைக் கம்பனியின் தலைவர். 1847இல் மக்கள் வாக்குப் போட்டுத் தொடங்கிய ஒன்றின் தலைவிதி, மக்கள் வாக்களிக்காதவர்களும் இருந்த ஒரு மேசைக்குப் போய்விட்டது.

ஒக்டோபர் 29 அன்று ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட், நகரத்தைக் காப்பாற்றக் கூட்டாட்சி அரசு பிணை நிற்காது என்று பேசினார். நகரத்தின் ஊதாரித்தனத்துக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, பணக்காரர் ஏழை என்று பாராமல் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய பல்கலைக்கழகம். சில வாரங்களில் மனம் மாறிக் கடன் கொடுத்தார். ஆனால் இலவசப் பல்கலைக்கழகம் என்பது ஒழுக்கக்கேட்டின் அடையாளம் மாதிரி ஆகிவிட்டது.

இது நியூயோர்க்கின் காசுக் கணக்கு மட்டும் இல்லை என்று நாங்கள் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1970இல், ஜனாதிபதி நிக்சனின் ஆலோசகரும் கலிபோர்னியாவில் ரொனால்ட் ரேகனின் தேர்தல் வேலையில் இருந்தவருமான பொருளியலாளர் ரொஜர் பிரீமன் வெளிப்படையாகவே ஒரு எச்சரிக்கை விட்டார். படித்த பாட்டாளி வர்க்கம் ஒன்று உருவாகிவிடும், அது வெடிமருந்து போன்றது, ஆகவே யாரைப் படிக்க விடுவது என்பதில் தெரிவு வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். கலிபோர்னியாவிலும் மாணவர் போராட்டங்கள் கொதித்த வருடங்கள் அவை.

1976 மே மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கக் காசு இல்லாமல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் இரண்டு கிழமை மூடப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் உயர்கல்விச் சபை கட்டணம் அறவிட முடிவெடுத்தது. கட்டணத்தால் வரக்கூடிய பணம் நகரத்தின் கடன் மலைக்கு முன்னால் சிறு கூழாங்கல். இந்த நெருக்கடி பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் கிம் பிலிப்ஸ்-பெய்ன் போன்றோர், வெட்டுகள் எங்கே விழுந்தன என்பது அரசியல் தெரிவு என்றே காட்டுகிறார்கள். அடுத்த சில வருடங்களில் மாணவர் தொகை பல பத்தாயிரங்களால் சரிந்தது. வேலை இழந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர். முதலில் போனவர்கள் புதிதாக எடுக்கப்பட்டவர்கள். அதாவது கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க விரிவுரையாளர்களில் பலர்.

மறுதரப்பின் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கும் இலவசம் எதற்கு, கட்டணம் வைத்துவிட்டு வறியவர்களுக்கு மட்டும் உதவிப்பணம் கொடுக்கலாமே என்றார்கள். மாநிலத்தின் உதவித் திட்டம் 1974இலேயே வந்திருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உதவி முழுநேர மாணவருக்குத்தான். பகலில் வேலை, இரவில் ஓரிரு பாடம் என்று படித்தவர்களுக்கு இல்லை. வறுமையை நிரூபிக்கப் படிவம் நிரப்ப வேண்டிய இடத்தில், படிவத்துக்குப் பொருந்தாதவர்கள் எப்போதும் வெளியே நிற்பார்கள்.

எல்லாமே தோல்வியும் இல்லை. தெற்கு பிரோங்ஸில் ஸ்பானிய, ஆங்கில இருமொழிக் கல்லூரியாக இருந்த ஹொஸ்டோஸ் சமூகக் கல்லூரியை மூடப் பார்த்தார்கள். 1976இல் மாணவரும் ஆசிரியரும் ஊர்ச் சனமும் சேர்ந்து கட்டடத்தைப் பிடித்து வைத்துப் போராடினார்கள். அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது.

இப்போதைய கணக்கு

இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் நாலு வருடக் கல்லூரியில் உள்ளூர் மாணவருக்கு வருடக் கட்டணம் 6,930 டொலர். 2017இல் மாநிலம் 'எக்செல்சியர்' என்ற பெயரில் ஒரு இலவசத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் வருமான எல்லை உண்டு, வருடத்துக்கு 30 பாடப்புள்ளி எடுக்க வேண்டும், படித்து முடித்து அத்தனை வருடம் மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தவறினால் உதவி கடனாக மாறும். 1847இன் இலவசத்தில் இந்த வால்கள் இருக்கவில்லை. நாடு முழுவதும் கூட்டாட்சி மாணவர் கடன் உள்ளவர்கள் 4 கோடிக்கு மேல். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய ஜனாதிபதி பைடன் கொண்டுவந்த திட்டத்தை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது.

2024 ஏப்ரலில் காசாப் போருக்கு எதிராகச் சிட்டி கொலிஜில் கூடாரம் போட்ட மாணவர்களும் ஐந்து கோரிக்கைகள்தான் வைத்தார்கள். 1969ஐ நினைத்துத்தான் அந்த ஐந்து. கடைசிக் கோரிக்கை, பல்கலைக்கழகம் திரும்பவும் இலவசமாக வேண்டும் என்பது. ஏப்ரல் 30 இரவு பொலிஸ் வந்து கூடாரங்களை அகற்றியது. பலர் கைதானார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இதுதான். நகரத்தில் காசு இல்லாமல் போனது உண்மை. ஆனால் காசு இல்லாத 1930களில் அதே நகரம் இலவசக் கல்லூரி கட்டியது. இடையில் மாறியது கல்லூரி வாசலில் நின்ற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று நினைக்க நகரத்தின் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு ஆறு வருடத்துக்கு மேல் பொறுமை இருக்கவில்லை. ஆகவே எங்கேயாவது "இனி அரசாங்கத்தால் தாங்க முடியாது" என்று ஒரு அறிவித்தல் வரும்போது, வரவுசெலவுக் கணக்கை வாசிக்கிற அதே கவனத்தோடு இன்னொன்றையும் வாசிப்போம்: கடைசியாக அந்த வாசலால் உள்ளே வந்தவர்கள் யார், அவர்கள் வந்து எத்தனை வருடம் ஆகிறது. அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறவர்களிடமும் கேட்கலாம்: எந்த வருடத்து அமெரிக்காவைச் சொல்லுறீங்கள்?